பச்சைப் பந்து

சென்ட்ரலில் கோரமண்டல் வந்து நின்றதும்
செர்ரி வேலையைத் தொடங்கிவிடுவாள்.
ட்ராலிப் பெட்டி, சணல் மூட்டை, மீன்கூடை,
யாரோ கட்டிக்கொடுத்த புளிச்சோறு,
எதன்மேலும் நிற்காது அந்த மூக்கு.

வெடிமருந்து என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது.
அந்த வாசனை வந்தால் உட்கார வேண்டும்,
உட்கார்ந்தால் பந்து வரும்.
என் காக்கி பேன்ட்டின் வலது பையில்
பல் பதிந்த பச்சைப் பந்து.
அவ்வளவுதான் அவள் படித்த சட்டம்.

பதினோரு மாதமாக எந்தப் பெட்டியிலும் எதுவும் இல்லை.
ஊருக்கு நல்லதுதான்.
ஆனால் கிடைக்காமலே தேடுகிற மூக்கு
மெல்லச் சோம்பும்,
பிறகு தேடுவதுபோல் நடிக்கும்.
அதனால் ஒரு செவ்வாய், சில வாரம் வெள்ளி
(கிழமை அவளுக்குப் பிடிபடக் கூடாது)
பார்சல் ஆபீஸ் தராசுக்குப் பின்னால்
மாதிரிப் பொட்டலம் ஒன்றை நானே ஒளித்து வைப்பேன்.
கண்டுபிடிப்பாள். உட்காருவாள்.
வால் தரையைப் பெருக்கும்.
ஏமாற்றுதான்.
பந்து மட்டும் நிஜம்.

எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.
எனக்காகத் தராசுக்குப் பின்னால்
யாரும் எதையும் ஒளித்து வைத்ததில்லை.
மெமோ வந்திருக்கிறது, மூன்று.
இன்ஸ்பெக்டர் பூட்ஸ் சத்தம் கேட்டால்
தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது கை,
தலையில் அது இருக்கும்போதே.

போன ஐப்பசியில் இரட்டை டியூட்டி, விடாத மழை.
செர்ரி ஒரு சமோசாக் கூடை முன்னால் போய் உட்கார்ந்தாள்.
பிளாட்பாரமே சிரித்தது.
வாரைச் சுண்டி இழுத்தேன்.
அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம்,
அதுவரை நான் கேட்டிராதது.

சமோசாவை மறக்கட்டும் என்றுதான் இழுத்தேன்.
அவள் படித்துக்கொண்டது வேறு பாடம்:
குணாளன் பக்கத்தில் இருந்தால் உட்காராதே.
அடுத்த செவ்வாய், தராசுக்குப் பின்னால்
நின்றாள், மோந்தாள்,
என் கையைப் பார்த்தாள்,
போய்விட்டாள்.
ஒரு நொடி இழுப்பை அழிக்க
நாற்பது நாள் ஆனது.

நேற்று பெரம்பூர் குவார்ட்டர்ஸில்
அருள்விழி கணக்குப் பேப்பரைக் கையெழுத்துக்கு நீட்டினாள்.
முப்பத்தொன்று.
ஃப்ரிட்ஜ் ஓரமாக நின்றாள், கை முழுக்க நீட்டி,
உடம்பு வாசல் பக்கம் திரும்பி,
என் கை எட்டும் தூரத்துக்கு
ஒரு சாண் வெளியே.

இவ்வளவு சரியாக அளக்கத் தெரிந்தவளுக்கா
கணக்கு வராது?

நான் அடித்தது இரண்டே தடவை.
அந்த எண்ணிக்கை என்னிடம்தான் இருக்கிறது.
அவளிடம் இருப்பது தூரம்.

கையெழுத்துப் போட்டேன்.
ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தால்
நாய்க்குச் சொல்கிற வார்த்தைதான் முன்னால் வந்து நின்றது.
விழுங்கினேன்.
ஏழாவது கணக்கு மட்டும் முழுசாய் சரி.
"இதை எப்படிப் போட்டே?"
பதில் வரவில்லை. அவளும் வரவில்லை.

நாற்காலியை நான்தான்
பின்னால் நகர்த்திக்கொண்டேன்,
ஒரு சாண்.
தரை கீச்சிட்டதும்
அவள் கண் முதலில் போனது
என் கைக்கு.