இடது கோடி நாற்காலி

பிறந்தது வட ஆற்காடு மாவட்டம்.
விழுந்தது வேலூர் மாவட்டம்.
நொண்டுவது ராணிப்பேட்டை மாவட்டம்.
மேல்விஷாரத்தில் அதே சந்து, அதே வீடு.
ஃபைல்தான் ஊர் ஊராய்ப் போய்வந்தது.

அதில் ஒரு தாள்,
விபத்துப் பதிவேட்டு நகலின் நகல்,
எழுத்தெல்லாம் எறும்பு மொய்த்தாற்போல.
இனாயத்துல்லா, டிரம் பிரிவு, இரவு ஷிப்ட்.
டிரம் கதவு கழன்று முழங்காலில் விழுந்தது.
முழங்காலுக்கு முன்னால் ஒரு சொல்:
வலது.

என் வலது முழங்காலுக்கு ஒன்றுமில்லை.
இத்தனை வருடம் இரண்டு காலின் வேலையை
அது ஒன்றுதான் பார்க்கிறது.

அன்று தரையெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீர்.
கன்னியப்பன் அக்குளில் கைகொடுத்து இழுத்தான்.
டைம்கீப்பர் தணிகாசலம் டார்ச்சோடு வந்து
எதிரே குந்தி எழுதினார்.
எதிரே குந்தியவருக்கு
என் இடது அவருடைய வலக்கைப் பக்கம்.
நல்ல மனுஷர், இப்போது இல்லை.
பேனாவை மூடும்முன் கேட்டார்,
ரொம்ப வலிக்குதா?
அதை எழுதவில்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு ஒழுங்காக இருந்தது.
ஐந்து நாள் லீவு. ஆறாம் நாள் டிரம்.
அறுந்த தசைநார் எக்ஸ்ரேக்குத் தெரியாது என்று
பதிமூன்று வருடம் கழித்து
வேலூரில் டாக்டர் ஹெப்சிபா சொன்னார்.
அறுந்ததோடு நடந்து நடந்து
குருத்தெலும்பை நானே அரைத்துத் தீர்த்திருக்கிறேன்.
மூட்டை மாற்ற வேண்டும்.
செலவு யாருடையது என்பதற்குத்தான்
இந்த ஃபைல்.

மெடிக்கல் போர்டில் மூன்று பேர்.
வயசானா தேயும்ல?
வலதுக்கும் அதே வயசுதான் சார்.
ஒருவர் சிரித்தார்.
நடுவில் இருந்தவர் தாளைத் திருப்பினார்.
நடுவுல பதிமூணு வருஷம்
ஒரு சீட்டுகூட இல்லையே?

வெந்நீர் ஒத்தடத்துக்கு ரசீது ஏது?
மருந்துக்கடையில் நாலு மாத்திரை கத்தரித்துத் தருவார்கள்,
தேதி போட்ட பக்கம் கடையிலேயே தங்கிவிடும்.
தூக்கத்தில் நீங்க எந்தப் பக்கம் புரளமாட்டீங்கன்னு
நான் வந்து சொல்றேன், எழுதிக்குவாங்களா
என்றாள் மெஹராஜ்.

கடைசியில் கொடுத்தது மோதினாரின் கடிதம்.
'மேற்படியார் 2011 நோன்பு முதல்
நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்.
இடது காலை மடக்க இயலாது, நீட்டியே வைப்பார்.
ஆகையால் வரிசையின் இடது கோடியில்
ஜன்னலோரம் அவர் நாற்காலி.'
கீழே ஜமாஅத் முத்திரை, பச்சை மையில்.

அந்த நாற்காலிக்கு நான் கூசியது கொஞ்சமல்ல.
என் அத்தா வயதுக்காரர்கள்
நெற்றியைத் தரையில் வைக்கும்போது
முப்பத்துமூன்று வயதில்
அவர்களைவிட ஒரு முழம் உயரத்தில் நான்.
சில வெள்ளிக்கிழமை அதற்காகவே
தாமதமாகப் போய் வாசலில் நின்றிருக்கிறேன்.
அதுதான் இப்போது சாட்சி.

நடுவில் இருந்தவர் இரண்டு தரம் படித்தார்.
சரி, அப்போ இதுல ஏன் வலது?

மேஜையைப் பிடித்து எழுந்தேன்.
அவர்களுக்கு முதுகு காட்டி நின்றேன்.
அதிகாரிக்கு முதுகு காட்டியது
எனக்கு அதுவே முதல் தடவை.
இப்பப் பாருங்க சார்,
உங்க இடதும் என் இடதும் ஒரே பக்கம்.
அவரு எதிர்ல குந்தி எழுதினாரு.

மின்விசிறி சத்தம்.
பிறகு பின்னால் பேனா ஓடும் சத்தம்.

வெளியே கன்னியப்பன்,
ஆற்காடு ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான் இப்போது,
சாட்சி சொல்ல அரைநாள் சவாரியை விட்டவன்.
என்ன எழுதினாங்க?
தெரியலடா. திரும்பி நின்னுட்டிருந்தேன்.

தலையில் அடித்துக்கொண்டு
வண்டியைக் கிளப்பினான்.
வலது காலை முதலில் வைத்து ஏறினேன்.
இடதைக் கையால் தூக்கி உள்ளே எடுக்கும்வரை
பிரேக்கை விடவில்லை அவன்.