இதோ வந்துவிடுகிறேன்

நவம்பர். காற்று மணிக்கு நூற்றுப்பத்து.
சதுக்கத்து முனைகளில் நகராட்சி கயிறு கட்டியிருக்கிறது.
புந்தா அரேனாஸில் அதைப் பிடித்துத்தான்
தெருவைக் கடக்கிறோம்,
ரொட்டிப் பை முகத்தில் அறைய அறைய.

மருத்துவமனையின் நிலவறையில் வேறு காற்று.
ஒரே திசை, ஒரே சுருதி, பதினெட்டு டிகிரி.
நானூற்று முப்பத்திரண்டு டிஸ்க்குகள்
வெளியே புயல் என்பதே அறியாமல் சுழல்கின்றன.
இருபது வருடத்து முறிந்த எலும்புகள்,
நண்டுப் படகுக்காரர்களின் நுரையீரல்கள்,
நேற்றுப் பிறந்து இன்னும் பெயர் வைக்காத ஒன்றின் இதயம்,
நான்கு அறைகளும் அளவெடுத்து.

திரை முழுக்கப் பச்சை.
நலம் என்கிறது.
நலமா என்றால் நலம் என்பது எவருக்கும் பழக்கம்தான்.
மேற்கொண்டு கேட்கத்தான் எனக்குச் சம்பளம்.

ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு பாதை.
ஒன்று அறுந்தால் மற்றது சுமக்கும்.
ஒவ்வொன்றாய்க் கேட்டேன்.
உண்டு, உண்டு. பிழை பூச்சியம்.
உண்டு, உண்டு. பிழை பூச்சியம்.
பள்ளி வருகைப் பதிவு மாதிரி போய்க்கொண்டிருந்தது
ஏழாவது வரை.

ஸ்கேன் பிரிவின் சர்வர்.
முதல் பாதை: உண்டு.
பிழை பதினோராயிரத்து நாற்பது. ஒளி மங்கல்.
இரண்டாம் பாதை: இல்லை.
மே பத்தொன்பதிலிருந்து இல்லை.

ஆறு மாதம்
ஒற்றைக் காலில் நின்றிருக்கிறது.
தவமும் இல்லை, அடமும் இல்லை.
எச்சரிக்கை மடல் ஒன்று போயிருக்கிறது,
ஓய்வுபெற்று போர்வெனீரில் ஆடு வளர்க்கும்
ஒருவரின் முகவரிக்கு.

மான்சிலாவை எழுப்பினேன்.
"நெவென்கா, எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருந்தது?"
அதுதான் கோளாறு என்றேன்.

இனி கை வேலை.
கடல் நிற ஃபைபரை இரு விரலுக்கிடையே ஓடவிட்டு
ரேக் ரேக்காக,
தரைப்பலகைக்கு அடியில், மறுபடி மேலே,
முழங்கால் அழுக்காக.
பதினான்காம் ரேக்கின் பின்புறம் தொங்கியது முனை.
அறுந்ததில்லை.
பதமாகக் கழற்றி, தூசு மூடி போட்டு,
காகித நாடா சுற்றி,
மதியம் கடைக்கதவில் மாட்டும் வாசகம் எழுதியிருந்தது:
இதோ வந்துவிடுகிறேன்.

மான்சிலாவின் கோணல் எழுத்து.

மே பத்தொன்பது.
அன்றிரவு அவன் வீட்டுக் கூரைத் தகரம் பறந்தது.
போட்டது போட்டபடி ஓடி வா என்று
ஃபோனில் கத்தியது
நான்.

நாடாவை உரித்தேன். முனையைத் துடைத்தேன்,
உள்ளே பார்க்காமல்.
அந்த ஒளி கண்ணைச் சுடும், கண்ணுக்குத் தெரியாது.
செருகினேன். மெல்லிய க்ளிக்.
பாதை உண்டு என்றது திரை.
நான் நம்பவில்லை. அரைமணி காத்திருந்தேன்,
மாத்தே ஆறிப்போனது.
பிழை பூச்சியம். பூச்சியம்.

அதன்பிறகுதான் முதல் பாதையைப் பிடுங்கினேன்,
ஆறு மாதம் தனியாய்ச் சுமந்ததை.
மூன்றாம் மாடியில் ஒரு டாக்டர்
யாரோ ஒருவரின் மூட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்;
படம் அரை விநாடி நின்றிருக்கும்;
சுட்டியை இன்னொரு தரம் தட்டியிருப்பார்.
அவ்வளவுதான்.
அதற்குள் பாரம் தோள் மாறிவிட்டது.

துடைத்த பஞ்சில் ஒரு கருப்புப் புள்ளி.
எறும்பின் கண்ணளவு.
இதற்கா பதினோராயிரம்.

அறிக்கையில் எழுதினேன்:
இணைப்பு மீட்கப்பட்டது, காரணம் மனிதத் தவறு.
எந்த மனிதர் என்ற கட்டத்தில்
வெகுநேரம் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.
இரண்டு பெயர் எழுதினேன்.

விடியலில் வெளியே வந்தபோது
காற்று இன்னும் ஓயவில்லை.
சதுக்கத்தில் அதே கயிறு. எதிர்முனையில்
சீருடையில் ஒரு செவிலி கடக்கத் தொடங்கியிருந்தாள்.
நான் பிடிக்கவில்லை உடனே.
குனிந்து
கம்பத்தில் போட்டிருந்த முடிச்சை
இருமுறை இழுத்துப் பார்த்தேன்.