சாவி எஞ் சட்டப் பையில

ஆடி பிறந்து ஒன்பது நாள்.
பணகுடிக்கு மேற்கே மலையிடுக்கில் புகுந்த காற்று
வள்ளியூரில் என் மாடி அறைக் கதவை
மூன்று முறை தட்டிவிட்டுத்
தானே திறந்துகொண்டு வருகிறது.
கொக்கியைப் பழைய சார்ஜர் வயரால்
கட்டி வைத்திருக்கிறேன்.

திரையில் ஆறு கட்டங்கள்.
ஒன்றில் நான், உலகம்மாள்.
புனேக்காரர்களுக்கு உல்கா.
உல்கா என்றால் எரிகல்லாம்,
அபர்ணா ஒருநாள் சொன்னாள்.
திருத்தலாம் என்று மைக்கைத் திறப்பதற்குள்
அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.
மூன்று வருஷமாக
எரிகல்லாகவே விழுந்துகொண்டிருக்கிறேன்.

கடைசிக் கட்டத்தில் முகம் கிடையாது.
அது அருஞ்சுனை.
எண்பது மீட்டர் உயரத்தில்
இடுப்புக் கயிறோடு நிற்கிறவன்
முகம் காட்ட எந்தக் கையை எடுப்பான்?
அவன் மைக்கைத் திறந்தால்
முதலில் காற்றுதான் பேசும்.
உடனே நாலு குரல், 'ப்ளீஸ் மியூட்.'
காற்றை அளந்து சம்பளம் வாங்குகிறவர்கள்.

செவ்வாய்க்கிழமை நடந்தது இவ்வளவுதான்.
'பதினாலில் வேலை எப்படி?' என்று
குழுவில் எழுதினேன்.
அருஞ்சுனை ஒரு கட்டைவிரல் அனுப்பினான்.
பார்த்துட்டேன், அப்புறம் சொல்றேன்
என்பது அவன் நினைத்தது.
நல்லாப் போகுது என்று நான் படித்தேன்.
முடிந்தது என்று அபர்ணா படித்தாள்.
மஞ்சளாய் ஒரே விரல்.

புனேயில் ஒரு பொத்தானை அழுத்தினார்கள்.
பணகுடியில் இறக்கை அசைந்தது.

கால் சுற்று.
உள்ளே குனிந்திருந்தவன்
முழங்கையாலேயே சிவப்புப் பொத்தானை இடித்தான்.
இறங்கி வந்து
பாதிக் கேன் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
எனக்கு மட்டும் ஒரு குரல்பதிவு அனுப்பினான்.
பதினோரு நொடி.
காற்று, காற்று, காற்று,
பிறகு, 'யக்கா, ஒண்ணுமில்ல.'
அந்த 'ஒண்ணுமில்ல'யை நாலு தரம் கேட்டேன்.
எழுத்தில் வந்திருந்தால்
நம்பியிருப்பேன்.

மறுநாள் ஆறு கட்டமும் கறுப்பு.
நெட் சரியில்லை என்று
ஒருத்தரும் பொய்கூடச் சொல்லவில்லை.
சூரத்திலிருந்து ஹேமல்
தகவல் பரிமாற்றத்தை மேம்படுத்துவது எப்படி என்று
இருபத்திரண்டு பக்கம் திறந்தான்.
ஐந்தாம் பக்கத்தில்
கைகுலுக்கும் இரண்டு கோட்டுக்காரர்கள்.
இருவருக்கும் தலை இல்லை.

அங்கேதான் நான் குறுக்கே விழுந்தேன்.
இங்கிலீஷ் தடுக்கியது, போகட்டும் என்று விட்டேன்.
எங்க ஊர் பஸ்ஸில்
ஒரு விசில் என்றால் நிற்கும்,
இரண்டு என்றால் கிளம்பும்.
எத்தனை நெரிசலிலும்
டிரைவருக்குச் சந்தேகம் வராது.
நம்மிடம் விசில் இல்லை.
கேட்டவர் கேட்டதைத்
தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும்.
அதுவரை யாரும் எதையும் தொட வேண்டாம்.

எட்டு நொடி.
மூலையில் கடிகாரம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அருஞ்சுனை மைக்கைத் திறந்தான்.
இந்தத் தடவை ஒருத்தரும் மியூட் என்கவில்லை.
காற்று பேசி முடிக்கும் மட்டும் பொறுத்து
தமிழிலேயே சொன்னான்:
'பதினாலாம் நம்பரு. நிறுத்தியாச்சு. பூட்டியாச்சு.
சாவி எஞ் சட்டப் பையில கெடக்கு.'

நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள்
புனேயிலிருந்து,
'சாவி?'
'சாவி.'
'பாக்கெட்?'
'ஆமா, பாக்கெட்டுல.'

மராத்தியிலும் சாவி சாவிதானாம்.
மூன்று வருஷமாக
ஆளுக்கொரு டிக்ஷனரியோடு உட்கார்ந்திருந்தோம்.

விதி ஒன்றும் எழுதி ஒட்டவில்லை.
ஹேமல் இன்னும் கட்டைவிரல் அனுப்புகிறான்,
அனுப்பிவிட்டு அவனே அழிக்கிறான்.
என் பெயரை நான் இன்னும் திருத்தவில்லை.
அதற்கு இன்னொரு நாள்.

இன்றைக்குக் கூட்டத்தின் நடுவில்
வயர் அவிழ்ந்து
கதவு சுவரில் மோதியது.
யார் வந்தது என்று அபர்ணா கேட்டாள்.
'காத்து' என்றேன்.
'காத்து,'
மெதுவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு
நான் சரி என்பதற்காகக்
காத்திருந்தாள்.