நானூறு சதுர அங்குலம்

இடுப்புக்கு மேலே நானூறு சதுர அங்குலம்
செம்மஞ்சள் தெரிய வேண்டும்.
தொப்பியும் அதே நிறம்.
முடிக்குரிய காணிக்குள்
முடியில்லாத என் தலை நுழைவதற்கு
சட்டம் அப்படி.

"றோட்டுத் திருத்துறவன் மாதிரி" என்று
தவமலர் சிரித்தாள்.
கறண்ட் பில் வந்த உறையின் பின்புறம்
போகிற இடத்தை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்:
பான்குறொஃப்டுக்கு வடக்கே,
மரம் ஏற்றும் பாதை, மூன்றாவது மதகு.
இருட்டி இரண்டு மணித்தியாலம் தாண்டினால்
பொலிசுக்கு அடி. பிறகு அழலாம்.

சூரியன் எழ அரை மணித்தியாலம் இருக்கும்போதுதான்
துவக்கு உறையை விட்டு வரலாம்.
ஒரு நிமிடம் முந்தினாலும் குற்றம்.
பிக்கப்புக்குள் இருந்து
மணிக்கூட்டைப் பார்த்தபடி
நானும் றெஜியும் கோப்பி குடித்தோம்.
மரத்தாலையில் பதினொரு வருஷம்
பக்கத்து வாளில் நிற்கிறவன்.
இடக்கையில் ஒரு விரல் குறைவு.
"நமக்கு நடுவில் ஓடை.
ஓடைப் பக்கம் குழல் திரும்பக் கூடாது.
திருப்பிச் சொல்லு."
தேவாரம் ஒப்புவிக்கிற பிள்ளைபோல்
சொன்னேன்.

துவக்கு.
எங்கள் தமிழில் அது ஆயுதம்;
தொடங்கு என்கிற ஏவலும் அதுதான்.
பெயரிலேயே அவசரம் உள்ள சாமானை
மடியில் வைத்துக்கொண்டு
மூன்று மணித்தியாலம்
ஒன்றையும் தொடங்காமல் இருந்தேன்.
கால்விரல்கள் இருக்கிறதா என்று
அடிக்கடி கேட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் சீடர்ப் பத்தைக்குள்
ஒரு வெள்ளை.
மேலே போய்க் கீழே வந்தது.

மான் வால் அப்படித்தான் நிமிரும்.
மூக்குத் துடைக்கிற கைலேஞ்சியும்
அப்படித்தான்.
அதனால்தான் இந்தப் பருவத்தில் காட்டுக்குள்
வெள்ளைத் துணி ஆகாது என்கிறார்கள்.
வகுப்பில் ஒன்று சொன்னார்கள்:
என்னவென்று அறியத்
துவக்கின் கண்ணாடியால் பார்க்காதே.
பார்த்த கணமே
ஓர் ஆளை நோக்கித் துவக்கு நீட்டியவன் ஆகிவிடுவாய்.

நீட்டிய குழலுக்கு மறுபக்கம்
ஒருமுறை நின்றிருக்கிறேன்.
அங்கிருந்து பார்த்தால்
அது மிகச் சிறிய வட்டம்.

விரலை விசைக்கு வெளியே நேராக வைத்தேன்.
கழுத்தில் தொங்கிய தூரக்கண்ணாடியை எடுத்தேன்.
என் மூச்சே அதில் புகாராய்ப் படிந்தது.
துடைத்துவிட்டுப் பார்க்க
பத்தை மட்டும் இருந்தது,
ஒரு கிளை ஆடி
ஆறுதலாக நின்றது.

மத்தியானம் துவக்கை வெறுமையாக்கிப்
போய்ப் பார்த்தேன்.
கல்லாய் இறுகிய நிலம்.
குளம்பும் இல்லை, சப்பாத்தும் இல்லை.

"ஏன் சுடவில்லை?"
"என்னவென்று தெரியவில்லை."
"சரி" என்றான் றெஜி.
அதற்குமேல் கேட்கவில்லை.

பொழுது சாயப் பாதைக்கு வந்தோம்.
மதகுக்கு அப்பால்
காலையில் இல்லாத ஒரு நீலக் கார்.
உள்ளே ஆளில்லை.
முன்கண்ணாடிக்குக் கீழே
திறந்தபடி
ஒரு டிஷ்யூப் பெட்டி.

இருவரும் பார்த்தோம்.
துவக்குகளை ஒன்றுக்கு இரண்டு தரம் சோதித்து
உறையில் போட்டோம்.
றெஜி டாஷ்போர்ட்டைத் துழாவித்
தன்னிடம் மிச்சமாயிருந்த செம்மஞ்சள் தொப்பியை
அந்தக் காரின் வைப்பரில் செருகினான்.
காற்றுக்குப் பறக்காமல்
இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.