பதினோராவது அடி

கோபானியாவில், பழைய பீர் ஆலையின் நிலவறையில்
எங்கள் ஒலிக்கூடம். குளிர்காலத்துக்கென்று அங்கே
ஒரு தலையணை உறை உண்டு, உள்ளே உருளைக்கிழங்கு மாவு.
அமுக்கினால் பனி நறநறக்கும்.
அன்று பனி வேண்டாம். பிரோஷ்கா கறுப்பு ஷூக்களை மாட்டிக்கொண்டு
கற்பலகை மேல் ஏறினாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.
திரையில் சிதோனியா: பிணவறையிலிருந்து டிராம் நிறுத்தம் வரை
நாற்பத்தொரு அடி. முகம் தெரியாது, முதுகு மட்டும்.
படப்பிடிப்பில் பதிந்த ஒலியில் ஒரு ஜெனரேட்டர்தான் இருந்தது.
நின்ற இடத்திலேயே நடந்தாள் பிரோஷ்கா. பத்து அடி சரி.
பதினொன்றில் வலது ஷூவின் அடித்தோல் பிளந்து, இழுத்தது.

"போகட்டும், மறுபடி எடுப்போம்" என்றேன்.
அவள் கையை மட்டும் உயர்த்தினாள்.
ஓட்டிப் பார்த்தாள். மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.
"அந்த இடத்தில் இவள் தோள் ஒரு நூல் இறங்குகிறது, பார்.
அதற்கு ஓசை இல்லாமல் இருந்தது.
இருக்கட்டும்."
இருந்தது.
அன்று மாலை நான் அதை இரண்டு டெசிபல் ஏற்றினேன்.
இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

படம் வந்தது. பத்திரிகைகள் எழுதின:
துக்கத்தை முகத்தால் நடிப்பவர் ஆயிரம் பேர்,
சிதோனியா வார்கோனி அதைக் குதிகாலால் நடிக்கிறார்.
ஒரு விமர்சகர் அந்தப் பதினோராவது அடிக்கென்றே
இரண்டு பத்தி ஒதுக்கியிருந்தார்.
வாசித்துக் காட்டினேன். பிரோஷ்கா
ஷூவுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.
"பசைக்குக் கொடுக்கட்டும் விருதை" என்றாள்,
"சமயத்தில் விட்டுக்கொடுத்ததற்கு."

கோபம் எனக்குத்தான் வந்தது. வீடு போகும் வழியெல்லாம்
கணக்குப் போட்டேன்: தோள் அவளுடையது,
கால் இவளுடையது, பிளந்தது ஷூ,
ஏற்றியது நான். இதில் திறமை என்று
எதை எடுத்து மேடையில் வைப்பது?
தோள் இறங்காதிருந்தால் அந்த ஓசை வெறும் பிழை.
ஓசை இல்லாதவரை அந்தத் தோளை
மூன்று வாரம் பார்த்த நானே பார்க்கவில்லை.
டிராமில் எதிரே ஒருவன் தூங்கிக்கொண்டே
பொத்தான் அறுந்த கோட்டை இறுக்கிப் பிடித்திருந்தான்.
அவ்வளவு அழகாக யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை.
கடைசி நிறுத்தத்தில் எழுப்பி இறக்கிவிட்டார்கள்.

விருது இரவில் ஒலிக்கூடத்தின் சமையல் மூலையில்
நாங்கள் இருவர், ஒரு சின்ன டிவி, முட்டைக்கோஸ் சூப்.
ஒலிக்கான விருது, எதிர்பார்த்தபடியே,
பீரங்கிகள் நிறைந்த படத்துக்குப் போனது.
"காது வலித்தால்தான் கேட்டதாகக் கணக்கு"
என்றாள், உப்பைத் தேடியபடி.
பிறகு சிதோனியாவின் பெயர்.
எழுந்தாள். வெள்ளிக் குதிகால்கள். கம்பளம்
அந்த நடையை ஓசையில்லாமல் விழுங்கியது.
மேசைக்கு அடியில்
காலுறை போட்ட இரண்டு பாதங்கள்
அவளுக்கு இணையாக மேடை வரை நடந்தன.
பிரோஷ்கா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

நன்றிகள் இயக்குநரில் தொடங்கிப் பல் மருத்துவரில் முடிந்தன.
அரங்கம் கைதட்டியது.
அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.
"கேட்டாயா?"
கேட்டேன். நேரலையில் கைதட்டல் மெலிந்தால்
கொஞ்சம் கலப்பார்கள், அதற்கென்று ஒரு பதிவு உண்டு.
பதினாறு வருஷத்துக்கு முன்னால் இதே நிலவறையில்
ஒன்பது பேர் மணிக்கூலிக்குத் தட்டியது.
எல்லோரையும்விட அரை நொடி பின்தங்கி
மோதிரம் உரச ஒரு கை. அவளுடையது.
அப்போது மோதிரம் இருந்தது.

சிதோனியா நெஞ்சில் கை வைத்துக் குனிந்தாள்.
பிரோஷ்கா எட்டி
டிவியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டினாள்.
சூப் ஆறிக்கொண்டிருந்தது.