இருமல்

ஆமர் வீதி முனையில், காட்போர்ட் பெட்டிக்குள்
ரோஸ் இரண்டு, பச்சை ஒன்று, ஊதா ஒன்று.
"எல்லாம் பேடுதான் தங்கச்சி, சத்தியமா"
என்றான் விற்றவன்.
சத்தியத்துக்கு அவன் தனியாகக் காசு கேட்கவில்லை.

மட்டக்குளியில் எங்கள் பின்வளவு
இரண்டு பாய் விரித்தால் முடிந்துவிடும்.
மேல்மாடியில் வீட்டுக்காரி எமில்டா மிஸ்ஸி.
பிள்ளைப்பேற்று வார்ட்டில் இரவு டியூட்டி,
காலை எட்டுக்குப் படுத்தால் இரண்டுக்கு எழும்புவா.
பெட்டிக்குள் எட்டிப் பார்த்தா:
"பேடென்றால் இருக்கட்டும்.
கூவிச்சுதென்றால் அந்த ஞாயிறே குழம்பு."

ஊதா இரண்டாம் நாளே
காக்கைத்தீவுக் காகமொன்றுக்குப் போனது.
அது ஆணா பெண்ணா என்று
யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் கிழமை சாயம் உதிர்ந்தது.
ரோஸுக்குள் இருந்தது ஒரு செங்கல் நிறம்,
மற்ற ரோஸுக்குள் வெள்ளை.
பச்சைக்குள் இருந்ததற்குக் கழுத்தில் ஒரு இறகுமில்லை,
சலூனிலிருந்து பாதியில் எழும்பி வந்த ஆள்மாதிரி.

முன்வீட்டு நிஹ்மத்துல்லா நானா
ஊசியில் நூல் கோத்துத் தலைக்கு மேல் பிடித்தார்:
வட்டமாகச் சுற்றினால் பேடு, நேரே ஆடினால் சேவல்.
கடற்காற்று அடித்தது.
மூன்றும் பேடாயின.
மீன் கொண்டுவரும் சமிந்த
காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினான்:
தலையை நிமிர்த்தினால் சேவலாம்.
தலைகீழாகத் தூக்கினால்
யார்தான் நிமிர்த்தாது?
மூன்றும் சேவலாயின.

மகள் ஆரபி அடிமட்டத்தால் கால் அளந்து
கொப்பியில் கோடு கிழித்தாள்.
பெயர். பால். இனம்.
"அம்மா, இதுகள் என்ன இனம்?"
அந்தக் கட்டத்தை நான் எத்தனையோ தரம் நிரப்பியிருக்கிறேன்,
பொலிஸ் பதிவுத் தாளில், நள்ளிரவில்,
டோர்ச் வெளிச்சத்தில்,
எழுத்து நடுங்கக்கூடாதென்று பேனையை அழுத்தி.
"அதை வெறுமையா விடு" என்றேன்.
அவள் பென்சிலால் எழுதினாள்:
கலப்பு. மூன்றும் நல்லதுகள்.

எட்டாம் கிழமை வெள்ளையின் கொண்டை
மெல்லச் சிவந்தது.
வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.
கால் தடித்தது.
தீன் கூடிப்போச்சு என்று சொல்லிக்கொண்டேன்.
இடுப்பு இறகை விரித்துப் பார்த்தேன்:
வட்டமென்றால் பேடு, கூரென்றால் சேவல்.
அது வேப்பிலைபோல் இருந்தது.
வேப்பிலை கூரா வட்டமா
என்று ஒரு முழு மத்தியானம் யோசித்தேன்.

ஒரு பின்னேரம் மிஸ்ஸியே இறங்கி வந்தா,
டியூட்டிக்கு வெளிக்கிட்ட வெள்ளை உடுப்போடு.
"ராவைக்குப் பதினொரு பிள்ளை தூக்கிக் காட்டுறன்.
ஒரு பார்வைதான், சொல்லிப்போடுவன்.
தாய் சிரிப்பா, சிலது அழும்,
சிலது மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திடும்.
இதில ஒண்டும் பிடிபடுதில்லையே."
வெள்ளையை நெஞ்சோடு அணைத்திருந்தா.
அது கீழிமையை மேலே இழுத்துக் கண்ணை மூடியது.
பஸ் தவறிப்போனது அவவுக்கு.

பதின்மூன்றாம் கிழமை, புதன்,
காலை ஏழே முக்கால்.
கையில் பாணோடு மிஸ்ஸி படியேறிக்கொண்டிருந்தா.
வெள்ளை கூண்டின் மேல் ஏறிக் கழுத்தை நீட்டியது.
துருப்பிடித்த கேற் திறப்பதுபோல் ஒரு சத்தம்,
பாதியில் உடைந்து,
மிச்சத்தைத் தேடுவதுபோல் இன்னொன்று.

குசினி வாசலில் நான், கையில் அகப்பை.
நடுப்படியில் அவ.
ஆரபி கொப்பியை முதுகுக்குப் பின்னால் வைத்தாள்.

மிஸ்ஸி வெள்ளையைப் பார்த்தா.
பார்த்துக்கொண்டே நின்றா.

"சளி" என்றா.
"இருமுது. சின்ன வெங்காயம் அரிஞ்சு போடு."

மேலே
ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடும் சத்தம்
கேட்டது.