பதினெட்டு விநாடி

ரேஷன் மண்ணெண்ணெய்க்கும்
காணாமல்போன வெள்ளாட்டுக்கும் நடுவே
தினமும் ஐந்தரைக்கு என் முறை.
இரையுமன்துறைக் கோயில் கோபுரத்தில்
இரண்டு கூம்பு ஒலிபெருக்கி,
ஒன்று ஆற்றைப் பார்த்து, ஒன்று கடலைப் பார்த்து.
"குறிப்பிடத்தக்க அலை உயரம்
இரண்டு புள்ளி நான்கு முதல்
இரண்டு புள்ளி எட்டு மீட்டர் வரை."
மூன்று மாதம் எழுத்துப் பிசகாமல் வாசித்தேன்.
இயற்பியலில் முதல் வகுப்பு வாங்கியவள் குரல்
வலை காயும் மணலில் விழுந்து
அங்கேயே காய்ந்தது.

ஐஸ் கம்பெனி அமலோற்பவம்தான் படியேறி வந்தாள்,
செருப்பைக்கூடக் கழற்றாமல்.
"குறிப்பிடத்தக்கன்னா என்ன பிள்ளே?
ஆரு குறிச்சா? ஆருக்குத் தக்க?"

சொன்னேன்: நூறு அலையை உயரவாரியாக நிறுத்து.
சின்னது அறுபத்தேழைத் தள்ளிவிடு.
மிச்சம் முப்பத்துமூன்றுக்குச் சராசரி எடு.
"ஓ, ஏலத்துக்கு நெத்திலி பிரிக்கியமாதிரி.
பொடியைக் கழிச்சு, நல்லதுக்கு வெலை."
அதேதான் என்றேன். சந்தோஷமாயிருந்தது.
"அப்போ குவியல்ல ஆகப் பெரிசு?
அதுக்க உயரம் எத்தனை?
எங்க வீட்டாளு வள்ளத்துல
கடலு சராசரியாட்டா வந்து அடிக்கும்?"

அன்றிரவு பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.
ஏறக்குறைய இரண்டு மடங்கு.
அடிக்குறிப்பில், பொடி எழுத்தில் இருந்தது,
பரீட்சைக்கு நான் விட்டுவிட்ட பகுதியில்.

மறுநாள் உற்சாகத்தில் உளறினேன்:
"தென்னை உயரத்துக்கு அலை வரும்."
ஒருவரும் கடலுக்குப் போகவில்லை.
வந்தது தென்னம்பிள்ளை உயரம்கூட இல்லை.
ஜெர்வாசியுஸ் டீசல் ரசீதை ஆட்டியபடி
என் வாசலில் நின்று பேசியதை எழுத முடியாது.
எளிமையாகச் சொல்கிறேன் என்று
பொய்யைச் சொல்லியிருந்தேன்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும்
கோயில்பிள்ளையிடம் ஏணி வாங்கி
மாதா குருசடியை டேப் பிடித்து அளந்தேன்.
கம்பிக்கதவின் தலை: இரண்டு புள்ளி ஆறு.
சிலுவையின் நுனி: ஐந்து புள்ளி மூன்று.
மீன் வாங்க வந்தவர்கள் மேலே பார்த்துச் சிரித்தார்கள்.
மாலையில் சொன்னேன்:
"நாளைக்கு நல்ல அலைகள் குருசடிக் கதவு உயரம்.
எப்போதாவது ஒன்று சிலுவை நுனியைத் தொடும்.
எந்த ஒன்று என்று எனக்குத் தெரியாது."
ஜெர்வாசியுஸ் வீட்டில் அந்நேரம்
டிவி சத்தத்தைக் குறைத்தார்களாம்,
அமலோற்பவம் சொன்னாள்.

மே மாதத்தில் ஒரு நாள். கச்சான் அசையவில்லை.
எண்ணெய் தடவிப் படிய வாரியதுபோல் கடல்.
அறிக்கையில் உயரம் ஒன்றரை மீட்டர்தான்;
அலைக்காலம் பதினெட்டு விநாடி.
அதன் கீழே ஒரு சொல், நம்முடையது:
கள்ளக்கடல்.
தென்கோடிச் சமுத்திரத்துப் புயல் ஒன்று
நாலைந்து நாள் நடந்து வந்து
செருப்பைக் கழற்றிவிட்டு ஊருக்குள் நுழைவது.
கரையில் யாரோ பயந்துபோய் வைத்த பெயரை
ஆய்வகம் கடன் வாங்கி
அச்சடித்துத் திருப்பி அனுப்பியிருந்தது.

ஆனால் பதினெட்டு விநாடியை அளக்கக் குருசடி இல்லை.
மைக்கைப் பிடித்து, "இது வழக்கமான அலை" என்றேன்.
ஏழு எண்ணி, "அடுத்தது" என்றேன்.
"இனி, நாளைக்கு வருவது" என்றேன்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கூம்புகள் இரைந்தன.
சந்தையில் மீன் வெட்டும் கத்தி நின்றது.
ஏதோ ஒரு பிள்ளை எண்ணத் தொடங்க
இன்னொன்று சேர்ந்துகொண்டது,
பன்னிரண்டு, பதின்மூன்று,
"இம்புட்டு நீளமும் ஒத்த அலையா?"
யாரோ கேட்டது கீழிருந்து ஏறி மைக்கில் விழுந்தது.

"அடுத்தது."

இரவே வள்ளங்களை ரோட்டுக்கு இழுத்தார்கள்.
முன்வரிசை வீடுகளில் கட்டிலுக்கு மேல் கட்டில்.
விடிந்தபோது குருசடியின் மூன்றாம் படியில்
நுரையும், யாருடையதோ ஒற்றைச் செருப்பும்.

இன்று அமலோற்பவம் மறுபடி வந்திருக்கிறாள்.
"மழைக்கு எழுபது சதவீதம்னு போட்டிருக்கே,
எழுபது பேரு நனைவாங்களா, எழுபது வீடா?"
உட்காரச் சொல்லியிருக்கிறேன்.
பதில் இன்னும் வரவில்லை.
ஐந்தரைக்குப் பத்து நிமிடம் இருக்கிறது.
வெள்ளாடு கிடைத்துவிட்டதாம்,
முதலில் அதைச் சொல்லவேண்டும்.